கண்டிச் சீமைக்குப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

(வீரசோழனில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் குடும்பங்கள் கடல் கடந்த கதையைப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். நான் வரலாற்றுப் பேராசிரியை அல்லேன். தொடக்கப் பள்ளியில் அகரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆயினும் இப்பொருளைப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். என் பாட்டனார் பிறந்தது, நாம் கூடியிருக்கும் இந்த வீரசோழனில். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே என் குடும்பத்தை அலைக்கழித்தது கடலன்று. அது என்ன என்பதைச் சொல்லவே வந்தேன்.

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்னும் இவ்வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிடில் வரகும் குதிரைவாலியும். அவையும் பொய்த்தால் ஊரைவிட்டுப் போவதே வழி. போனவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். நிலமுடையவர் நிலத்தை அடகு வைத்து அந்த ஆண்டைத் தள்ளிவிடுவார். அடகு வைக்க ஏதுமில்லாத நம் மக்கள் தம்மையே அடகு வைத்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மட்டுமல்லர், அதற்கு முன்னும் பின்னும் மழை தவறிய ஆண்டுதோறும் இராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து ஆள்கள் இலங்கைக்குப் போய்க்கொண்டே இருந்தனர். தோட்டங்களுக்குச் சென்றோரில் தாழ்த்தப்பட்ட மக்களின் பங்கு மிகப் பெரிது.

முதலில் காப்பித் தோட்டம். 1820களில் தொடங்கிய அத்தொழிலுக்குச் சென்றவர்கள் கால்நடையாகவே சென்றனர். இங்கிருந்து பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம் என்று நடந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையில் காட்டு வழியே நடை. வாந்திபேதியும் குளிர்காய்ச்சலும் அவ்வழியில் மாய்த்த உயிர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் காப்பி இலையைத் துரு நோய் பற்றியது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்னும் துரை லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். பின்னர் மலைநாடு முழுவதும் தேயிலையாயிற்று. இதனால் ஒரு மாற்றம் வந்தது. காப்பி பறிப்பு சில மாத வேலை. பறித்து முடித்தவர் ஊர் திரும்பலாம். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். போனவர் குடும்பத்தோடு அங்கேயே தங்கலாயினர். பெண்களின் கையே அத்தொழிலுக்கு வேண்டியதாயிற்று.

ஆள் திரட்டியவர் கங்காணி. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவர் சொல்லி அழைத்துப்போனதாக நம் கிழவிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கங்காணியை வைவது எளிது. அவரும் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரரே, பலர் உறவினரும்கூட. அவர் கொடுத்த முன்பணத்தால்தான் இங்கே பட்ட கடன் அடைந்தது, வழிச் செலவும் நடந்தது. ஆனால் அந்த முன்பணம் தோட்டத்தில் வட்டியோடு வளர்ந்தது. தொழிலாளி வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவருடைய கடன் இவ்வளவு, அதைத் தருபவர் இவரைக் கொள்ளலாம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதற்குத் துண்டு என்று பெயர். ஒரு மனிதனை அவன் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் காகிதம் அது. சுமந்தவருக்கு அதில் எழுதியிருப்பது என்னவென்று தெரியாது. 1921இல்தான் சட்டத்தால் இம்முறை ஒழிந்தது.

என் பாட்டனாரும் அப்பத்தாவும் போனது அதற்குப் பின், 1920களில். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியிருந்தது. நடை குறைந்தது, முகாம் வந்தது. மண்டபம் முகாமில் சில நாள்கள் அடைத்துவைத்து, அம்மை குத்தி, துணிமணிகளை நீராவியில் இட்டு, கழுத்தில் எண் பொறித்த தகர வில்லையைக் கட்டிவிட்டுக் கப்பலேற்றினார்களாம். அப்பத்தாவுக்கு அப்போது வயது பதினாறு இருக்கும். "மாட்டுக்குச் சூடு போடுவான், எங்களுக்குத் தகரம் கட்டினான்" என்பார். அந்த வில்லையை அவர் தொலைக்கவில்லை; நெடுங்காலம் சுருக்குப் பையில் வைத்திருந்தார். படித்தவள் என்பதால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்பார். எண்ணைத் தவிர அதில் பெயரில்லை.

லய வாழ்க்கையை இளைஞர்கள் அறியமாட்டீர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, அதன் முன் ஒரு சிறு திண்ணை. அதற்குள் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு குடும்பம். விடியுமுன் தப்பொலி கேட்கும். பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். கொழுந்து இத்தனை றாத்தல் என்று கணக்கு; குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. மழையில் நனைந்த கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, நெற்றியில் கயிற்றை மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, அட்டை கடித்த கால்களோடு என் தாயார் முப்பது ஆண்டு மலையேறி இறங்கினார். கைக்குழந்தைகள் பிள்ளைக்காம்பராவில் கிடக்கும்.

சாதி அங்கும் கப்பலேறிப் போயிற்று. பெரிய கங்காணி பெரும்பாலும் மேல்சாதியார். நம் மக்களுக்குத் தனி லயம். தப்படிப்பது நம்மவர் வேலை. கோயில் திருவிழாவில் நமக்கு வாசற்படிக்கு வெளியே இடம். இதை மறைத்து, தோட்டத்தில் அனைவரும் ஒரே குலமாக வாழ்ந்தனர் என்று பேசுவோர் உண்டு. நான் அவ்வாறு சொல்லமாட்டேன். ஆயினும் ஒன்று உண்டு. கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்றே. எந்தச் சாதிப் பெண் பறித்த கொழுந்தும் அதில்தான் விழும். றாத்தலுக்கு ஏற்ற கூலி அவள் பேரில் எழுதப்படும். வீரசோழன் புன்செயில் நாள் முழுதும் குனிந்து களையெடுத்துவிட்டுக் களத்து மேட்டில் தானியத்துக்குக் கையேந்தி நின்ற அப்பத்தாவுக்கு அது சிறிய செய்தியன்று. "அங்கே கூலி, இங்கே பிச்சை" என்று அவர் பிரித்துச் சொல்வார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தது.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற நம்மவர் கதை வேறொரு நாள் பேசவேண்டியது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்து வந்தவர்களையும், 1960களில் அங்கிருந்து வெறுங்கையோடு கப்பலில் வந்திறங்கியவர்களையும், மலேயா ரப்பர்க் காட்டுக்கு ரஜூலாக் கப்பலேறியவர்களையும் நினைவுகூர்ந்து மேலே செல்கிறேன்.

நிற்க. இனித்தான் என் உரையின் முதன்மையான பகுதி.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவரும், தந்தை அங்கே பிறந்ததையோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததையோ சான்றோடு காட்டாவிடில் குடிமக்கள் ஆகார். லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கி வைத்தவர் எத்தனை பேர்? 1949இல் இந்தியர்களுக்கெனத் தனிச் சட்டம் ஒன்று வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்தால் குடியுரிமை கேட்கலாம். ஆனால் இடையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருத்தலாகாது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. இறுதியில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

என் பாட்டனாரும் விண்ணப்பித்தார். 1940களின் தொடக்கத்தில் தம் தாயாருக்கு உடல்நலம் குன்றியது கேட்டு அவர் வீரசோழனுக்கு வந்தார். தாயார் இறந்தார், கருமாதி முடிந்தது, அடுத்து அவருடைய தம்பியாரின் திருமணம், பிறகு போர்க்காலத் தடைகள். தோட்டத்துக்குத் திரும்பியபோது பதினைந்து மாதம் ஆகியிருந்தது. விசாரணையில் அதிகாரி கேட்டதற்கு அவர் உள்ளதை உள்ளபடியே சொன்னார். விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க ஊருக்கு வந்தது, அவர் இலங்கைக்கு உரியவர் அல்லர் என்பதற்குச் சான்றாயிற்று. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மறுபக்கம் ஒன்று வரும்.

இந்தியாவும் எங்களைத் தன் குடிமக்களாகக் கொள்ளவில்லை. இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாமல் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்க அவர்களும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 1974இல் இந்திரா காந்தி அம்மையார் காலத்தில் அந்த எச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பகிர்ந்துகொண்டனர். 7 பேர் இந்தியாவுக்குப் போனால் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்பது நடைமுறை விகிதம். களத்தில் நெல் அளப்பதுபோல் மனிதரை அளந்தனர். அளக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

இரண்டில் ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் முறை தள்ளப்பட்ட கசப்பில் என் தந்தையார் இந்தியாவுக்கு விரல் ரேகை வைத்தார். அத்தை குடும்பத்தார் இலங்கைக்கு வைத்தனர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த உடன்பிறந்தார் இருவர் இரு நாட்டவராயினர். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் மலைநாட்டில் கொடும் உணவுப் பஞ்சம். அரிசியும் மாவும் அருகித் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்த ஆண்டில்தான் எங்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. சேமலாப நிதி கைக்கு வரும்வரை காத்திருந்து, அட்டன் நிலையத்தில் கோச்சி ஏறினோம். அழுகைச் சத்தத்தில் ஊதல் ஒலி கேட்கவில்லை. அத்தை ரயிலோடு சிறிது தூரம் ஓடி வந்தார். அவரை நான் மறுபடி கண்டது இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2003இல். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு இலங்கை நாடாளுமன்றம் சட்டமியற்றிக் குடியுரிமை வழங்கிய ஆண்டு அது. அத்தையின் மருமகள் அப்போதுதான் ஒரு நாட்டின் குடிமகள் ஆனாள்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டிருந்ததால், தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் என்னும் கப்பல் எங்களை இராமேசுவரத்தில் இறக்கியது. அப்பத்தா தகர வில்லையோடு நின்ற அதே மண்டபம் முகாமில் நாங்கள் குடும்ப அட்டை வாங்கினோம். அதில் மறுவாழ்வுத் திட்டம் இன்னதென்று எழுதித் தருவார்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் சிலருக்கு. நூற்பாலை வேலை சிலருக்கு. பெரும்பாலோருக்கு வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு வியாபாரம்! வந்திறங்கிய 4,50,000-க்கு மேற்பட்டவர்களில் கடையை இழந்து, கடனும் தீராமல், மீண்டும் மலை தேடிப் போனவர் பலர். கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் கொத்தடிமையானவரும் உண்டு.

என் தந்தையார் சொந்த ஊர் என்று வீரசோழன் வந்தார். சந்தைக்குப் போன முதல் நாள், என் வயதுடைய ஒரு பையன், நாற்பத்தெட்டு வயதான என் தந்தையாரைப் பெயர் சொல்லி, "இங்கே வாடா" என்று அழைத்தான். தேநீர்க் கடையில் எங்களுக்குத் தனிக் குவளை. தந்தையார் தேநீர் அருந்தாமல் காசை வைத்துவிட்டு வந்துவிட்டார். தேயிலை பறித்தே வாழ்ந்த மனிதர்! 1957இல் இம்மானுவேல் சேகரன் அவர்கள் பரமக்குடியில் கொலையுண்டதையும், முதுகுளத்தூர்ப் பகுதி பற்றி எரிந்ததையும் உறவினர்கள் அன்றிரவு எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். நான் எடுக்கமாட்டேன் என்றேன். அப்பத்தாதான் கண்மாய்க்கரை வழியாகப் பள்ளிக்குச் செல்லும் சுற்றுப்பாதையைக் காட்டிக்கொடுத்தார். மூன்றாண்டு நான் சுற்றியே நடந்தேன், செருப்போடு நடந்தேன்.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். கல்வி உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டனர். இலங்கையில் கொடுத்த என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்னும் இடத்தில் "இந்தியத் தமிழர்" என்று இருந்தது, சாதி இல்லை. கடவுச்சீட்டிலும் இல்லை, குடும்ப அட்டையிலும் இல்லை. அலுவலகத்தில் ஒருவர் என் தந்தையாரைப் பார்த்து, "நீ சிலோன்காரன், உன் குடும்பம் இவ்வூரில் வாழ்ந்ததற்கு என்ன சான்று?" என்று கேட்டார். அங்கே வீரசோழனில் பதினைந்து மாதம் தங்கியதால் இலங்கையர் அல்லர் என்றார்கள். இங்கே வீரசோழனில் தங்கியதற்கே சான்றில்லை என்றார்கள். தெருவில் எவருக்கும் எங்கள் சாதி தெரியாமல் இல்லை. தேநீர்க் கடைக்காரர் சான்று கேட்டதில்லை. உதவித்தொகை தரும் மேசைக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஒன்றரை ஆண்டு அலைந்தோம். பாட்டனாரின் தம்பி மகனுக்கு முன்பே வழங்கியிருந்த சான்றிதழையும், முதியவர் இருவரின் வாக்குமூலத்தையும் கொண்டு வட்டாட்சியர் விசாரணை நடந்து, இறுதியில் சான்றிதழ் கிடைத்தது. அந்த மனுக்கள் அத்தனையும் நான் எழுதியவை. தோட்டப் பள்ளியில் ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பையும் வைத்து நடத்திய ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொண்ட எழுத்து, அதன் பின் நாள்தோறும் அட்டனுக்கு நடந்து சென்று கற்ற எழுத்து, அன்று பயன்பட்டது. துண்டைச் சுமந்த பூட்டனும், தகரத்தைக் கட்டிக்கொண்ட அப்பத்தாவும், விரல் ரேகை வைத்த தந்தையும் வந்த குடும்பத்தில், தனக்கு எதிரான காகிதத்தைப் படித்து மறுமொழி எழுதியது நான்தான் முதல்.

இளைஞர்களே, இன்று நீங்களும் போகிறீர்கள். துபாய், குவைத், சவூதி, சிங்கப்பூர் என்று. போகவேண்டாம் என்று நான் சொல்லேன். கரிமூட்டம் போடுவதற்கு மட்டும் நீங்கள் பிறக்கவில்லை. ஆனால் சில விவரங்களை அறிந்து போங்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனை வேண்டும் என்னும் குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் தனி அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் அந்தக் குறிப்பு இல்லை. பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியுமே. அதற்கு மேல் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பவர் பழைய கங்காணியின் பேரர். அந்தக் கடனுக்குத் துண்டு என்று பெயரில்லை, அவ்வளவே. ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். கடவுச்சீட்டின் எண்ணைத் தாயாரிடமோ மனைவியிடமோ எழுதிக் கொடுங்கள். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறை இருக்கிறது. இடர் வந்தால் குடும்பத்தார் அங்கே எழுதலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்வட்டாரத்தில் இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பிய குடும்பங்கள் இன்னும் பல உள்ளன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் இன்றும் சான்றிதழுக்கு அலைவதை நான் அறிவேன். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில், பழைய சேலை மடிப்பில், கூரைச் செருகலில் தேடிப் பாருங்கள். மண்டபம் குடும்ப அட்டை, தோட்டத்துப் பத்துச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், அத்தைமார் எழுதிய கடிதம், எதுவாயினும் சரி. அடுத்த ஞாயிறு காலை முதல் கழக அலுவலகத்தில் மாணவர் இருவர் அமர்ந்திருப்பார்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். மூலத்தை யாரிடமும் விட்டுச் செல்லாதீர்கள், எங்களிடமும்தான்.